வகையாகிப் போன வைகை

கற்பனை நாடுகளுக்கு நிலப்படம் வரைவதற்கென்றே இன்று பல மென்பொருள்கள் உள்ளன. மிகுபுனைவு எழுதுவோரும் கணினி விளையாட்டு உருவாக்குவோரும் அவற்றைப் பயன்படுத்துகின்றனர். அவற்றுள் ஒன்றைத் திறந்து ஓர் ஆற்றை வரைந்து, அதன்மீது 'வைகை' என்று தட்டச்சிட்டுப் பாருங்கள். சிலவற்றில் பிழையின்றி வரும். வேறு சிலவற்றில் வகரம் தனியே நிற்கும். அதற்குரிய இணைக்கொம்பு ககரத்தின் முன்னே போய் ஒட்டிக்கொள்ளும். ககரத்துக்குரிய இணைக்கொம்போ சொல்லின் கடைசியில் துணையின்றி நிற்கும். கண் அதை 'வகை' என்று வாசித்துவிட்டு, எஞ்சிய கொம்பை என்ன செய்வதென்று அறியாமல் திகைக்கும். இதே முறையில் 'யானைமலை' என்பது 'யானமைல' என்றாகிக் கடைசியில் ஒரு கொம்பை உதிர்த்துவிடும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னர் அச்சான நூல்களில் அந்தப் பெயரின் னையும் லையும் தும்பிக்கையோடு இருந்தன. சீர்திருத்தம் தும்பிக்கையை மட்டுமே எடுத்தது. மென்பொருள் யானையையே எடுத்துவிட்டது.

இவ்விடத்தில் பெரும்பாலோர் செய்வது ஒன்றே. 'தமிழ் இதில் வராது' என்று சொல்லிவிட்டு ஆங்கில எழுத்துக்கு மாறிவிடுவர். தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர்களே தாம் எழுதும் புனைவுக்குரிய நாட்டை உரோமன் எழுத்தில் பெயரிட்டுக் கொண்டுவருவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவ்வாறு மாறத் தேவையில்லை என்பதும், மாறினால் இழப்பது எழுத்தை மட்டுமன்று என்பதுமே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

உண்மையான நிலப்படத்தில் பெயர் பிழையாயிருந்தாலும் நிலம் இருக்கிறது. செல்லூரை எப்படி எழுதினாலும் அது வைகையின் வடகரையில் தறிச்சத்தத்தோடு இருந்துகொண்டுதான் இருக்கும். கற்பனை நாட்டின் நிலை அதுவன்று. அங்கே அளந்தவர் இல்லை, கல் நட்டவர் இல்லை, பெயரொன்றே சான்று. இதற்கு நம் இலக்கிய மரபிலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே எழுநூறு காவதம் பரந்து கிடந்து கடலுள் மறைந்த நிலத்தைச் சொல்லுகையில், தெங்க நாடு, மதுரை நாடு, முன்பாலை நாடு, பின்பாலை நாடு, குன்ற நாடு, குணகாரை நாடு, குறும்பனை நாடு என வகைக்கு ஏழாக நாற்பத்தொன்பது நாடுகளைப் பெயர் சுட்டி அடுக்குகிறார். கோடு ஒன்றும் வரையப்படவில்லை. ஆயினும் தென்னஞ்சோலை எங்கே, பாலை எங்கே, குன்று எங்கே, குட்டைப் பனை எங்கே என்று படிப்பவர் மனத்தில் ஒரு படம் எழுந்துவிடுகிறது. அதை எழுப்பியவை பெயர்கள்.

இனி அவற்றை உரோமன் எழுத்தில் இட்டுப் பாருங்கள். 'குணகாரை' என்பதைக் 'குணக்கரை' என்று ஒருவர் படிப்பார்; கீழைக்கரை என்று பொருளும் கொள்வார். 'முன்பாலை'யை 'முன்பாளை' என்று படித்தால் ஐந்திணையுள் ஒன்று தென்னையின் பாளையாகிவிடும். லகர ளகர ழகரமும் குறில் நெடிலும் கலங்கிய இடத்தில் நிலமும் கலங்குகிறது. உண்மையான ஊராயிருந்தால் நேரில் போய்க் கேட்டுத் தெளியலாம். கடல் கொண்ட நாட்டுக்கு, அல்லது நேற்று நீங்கள் புனைந்த நாட்டுக்கு, எங்கே போய்க் கேட்பது?

ஆகவே உடைந்த எழுத்தைச் சரிசெய்துவிட்டு மேலே செல்வதே முறை. அதற்கு அது ஏன் உடைகிறது என்று முதலில் அறியவேண்டும்.

ஒருங்குறி தமிழை ஒலிமுறையில் சேமிக்கிறது, கண்முறையில் அன்று. 'செ' என்பதில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. ஆனால் கோப்பில் முதலில் இருப்பது சகரம். கொம்பு அதன் பின்னர் இருக்கிறது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்னும் தொல்காப்பியக் கருத்தோடு இது பொருந்துவதே. ஆனால் சேமித்த வரிசையைத் திரையில் எழுத்துவரிசையாக மாற்றுவதற்கு இடையில் ஒரு நிரலி வேண்டும். கொம்பை முன்னே கொணர்வதும், 'கொ' என்பதன் கொம்பையும் காலையும் இரு பக்கமும் பிரித்து நிறுத்துவதும், லகரத்தோடு ஊகாரத்தைச் சேர்த்து 'லூ' என்னும் ஒரே வடிவாக்குவதும், புள்ளியை மெய்யின் தலைமேல் வைப்பதும் அதன் பணி. அதனை எழுத்து வடிவாக்கி என்று சொல்லலாம். விண்டோஸ் 2000 முதல் அந்த இயங்குதளத்தில் தமிழுக்கு இப்பணி நடந்து வருகிறது. ஃபயர்பாக்ஸ், குரோம், லிபர் ஆபிஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் 'ஹார்ஃப்பஸ்' என்னும் கட்டற்ற நிரலி இதைச் செய்கிறது. நிலப்பட மென்பொருளை எழுதியவர் இந்த வடிவாக்கியை இணைத்திருந்தால் தமிழ் வரும். சேமித்த குறிகளை ஒன்றன்பின் ஒன்றாக அப்படியே வரைந்து செல்லும்படி எழுதியிருந்தால் உடையும். காட்டாக, 'கோடோ' என்னும் விளையாட்டுப் பொறியின் மூன்றாம் தலைமுறைப் பதிப்புகளில் வடிவாக்கி கிடையாது. 2023இல் வந்த நான்காம் பதிப்பில் உண்டு. அப்பழைய பொறியின்மேல் கட்டிய செயலியில் தமிழ் உடைந்தால் குறை தமிழினுடையதன்று. விடுபட்டுப்போன ஓர் உறுப்பினுடையது.

ஒரு மென்பொருள் தமிழுக்கு ஆகுமா என்று அரை நிமிடத்தில் கண்டறிய மூன்று பெயர்கள் போதும். செல்லூர், வைகை, கோரிப்பாளையம். முதற்பெயர் ஒற்றைக்கொம்பையும் புள்ளியையும் லூகாரச் சேர்க்கையையும் சோதிக்கும். இரண்டாவது இணைக்கொம்பின் இடத்தைச் சோதிக்கும். மூன்றாவது இருபுறமும் பிரிந்து நிற்கும் ஓகாரத்தைச் சோதிக்கும். மூன்றும் சரியாக வந்தால் அச்சமின்றித் தொடங்கலாம்.

வராவிட்டால் நோய்க்குறியைப் பார்க்கவேண்டும். எழுத்துக்குப் பதில் வெறுங்கட்டங்கள் வந்தால் அது உடைவன்று; எழுத்துருவில் தமிழ் இல்லை என்பதே பொருள். மிகுபுனைவுப் படங்களுக்கென்று இணைத்துத் தரப்படும் அலங்கார எழுத்துருக்களில் பெரும்பாலும் இலத்தீன் எழுத்துகளே இருக்கும். நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, காட்டமரன், கவிவனார் போன்ற இலவச எழுத்துருக்களுள் ஒன்றைக் கணினியில் நிறுவி, மென்பொருளை மூடித் திறந்து, அந்தப் பெயர்ச்சீட்டுக்கு அதைத் தேர்ந்தால் கட்டங்கள் மறையும்.

கட்டமில்லாமல் கொம்புகள் இடம் மாறியிருந்தால் வடிவாக்கி இல்லை, அல்லது இருந்தும் இயக்கப்படவில்லை. ஃபோட்டோஷாப்பின் பல பதிப்புகளில் விருப்பத்தேர்வுகளின் எழுத்துப் பகுதியில் மத்தியக் கிழக்கு, தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு ஒன்று உறங்கிக் கிடக்கிறது. பத்தியமைப்பில் 'வேர்ல்டு ரெடி' என்னும் தேர்வும் உண்டு. அவற்றை இயக்கினால் எழுத்துச் சேரும். அத்தகைய தேர்வே இல்லாத நிலப்பட மென்பொருளாயின், மலையும் கரையும் காடும் அதில் வரைந்து, பெயரே இடாமல் படமாக ஏற்றுமதி செய்து, 'இங்க்ஸ்கேப்' என்னும் கட்டற்ற வரைவு மென்பொருளில் திறந்து அங்கே பெயர்களை எழுதுக. அதில் தமிழ் ஒழுங்காகச் சேரும். உலாவிக்குள்ளேயே இயங்கி எஸ்விஜி வடிவில் வரையும் படவாக்கிகளில் உலாவியின் வடிவாக்கியே பணிசெய்வதால் அங்கும் பெரும்பாலும் தொல்லையில்லை.

மூன்றாவது தொல்லை வளைவில் வருவது. ஆற்றின் வளைவோடு பெயரையும் வளைத்து எழுதுவதும், கடலின் பெயரை அகலப் பரப்பி எழுதுவதும் நிலப்படக்காரர் வழக்கம். எழுத்திடைவெளியைக் கூட்டினால் சில மென்பொருள்கள் 'கா' என்பதன் ககரத்துக்கும் காலுக்கும் இடையிலும் வெளி விட்டுவிடும். எழுத்திடைவெளியைச் சுழியமாக்கிவிட்டு, பரப்ப விரும்பும் பெயரை உயிர்மெய் உயிர்மெய்யாகத் தனித்தனிச் சீட்டாக எழுதி இடம்பார்த்து வைப்பதே பாதுகாப்பான வழி. வளைவுக்கோ, இங்க்ஸ்கேப்பில் பெயரைப் பாதையின்மேல் ஏற்றியபின் அதன் நகலொன்றைக் கோட்டுருவாக மாற்றிவிட்டால் வேறு கணினியில் எழுத்துரு இல்லாவிட்டாலும் உடையாது. மூலச் சீட்டை ஒரு மறைவடுக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஊரின் பெயரை மாற்றத் தோன்றலாம். ஈகாரத்தின் மேற்சுழியோ புள்ளியோ வெட்டுப்பட்டுத் தோன்றினால் பெயர்ச்சீட்டின் வரியுயரத்தைச் சற்றுக் கூட்டினால் போதும்.

நான்காவது, படம் நகராமல் நின்றுவிடுவது. இதற்கும் தமிழுக்கும் தொடர்பில்லை. ஆனால் பழி தமிழ் எழுத்துருவின்மேல் விழுவதைக் கண்டிருக்கிறேன். ஏ3 தாளுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கணக்கிட்டால் 4961க்கு 3508, ஏறத்தாழ 1.74 கோடிப் புள்ளிகள். புள்ளிக்கு நான்கு பைட்டு என்றால் ஓர் அடுக்குக்கே சுமார் 70 மெகாபைட்டு நினைவகம் வேண்டும். பன்னிரண்டு அடுக்கு வைத்தால் 800 மெகாபைட்டைத் தாண்டும். கல்லூரி ஆய்வகங்களின் பழைய கணினிகள் இங்கேதான் மூச்சுத் திணறுகின்றன. கரைக்கோடு, ஆறு, பெயர் ஆகியவற்றைச் சிறிய அளவில் முடித்துவிட்டு, பழந்தாள் போன்ற பின்னணி அலங்காரத்தைக் கடைசியில் சேர்த்தால் இத்தொல்லை பெரிதும் தீரும்.

குறுக்குவழி ஒன்றும் உண்டு. ஒருங்குறிக்கு முந்தைய பாமினி, 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டித் தரப்படுத்திய டாம், டாப் முதலிய குறியேற்றங்களில் எழுத்துகள் கண்முறையிலேயே சேமிக்கப்பட்டன. வடிவாக்கி இல்லாத மென்பொருளிலும் அவை உடையாமல் தெரியும். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் தரும் 'டேஸ் 16' என்னும் குறியேற்றமும் அத்தகையதே. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றபோது, ஒருங்குறி முழுமையாக இயங்காத இடங்களுக்கு இதனை மாற்றாக அறிவித்தது. அச்சுக்குப் போகும் ஒரு படத்துக்கு அவசரத்தில் இவ்வழி உதவும்; குற்றமில்லை. ஆனால் திரையில் வைகையாய்த் தெரிவது, பாமினியில் எழுதிய கோப்புக்குள் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகக் கிடக்கும். தேடினால் கிட்டாது, படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் குப்பையாகும். பெயரே சான்றாகிய நாட்டில் பெயர் தேடக் கிடைக்காமற்போவது நல்லதன்று. மூலத்தை ஒருங்குறியில் வைத்துக்கொண்டு, படத்துக்கு மட்டும் மாற்றுக்குறியேற்றத்தைக் கையாளுவதே என் பரிந்துரை.

எழுத்து சரியானபின்னும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. அது கோட்டில் இருப்பது.

இம்மென்பொருள்களுக்கும் அவற்றுக்கு எழுதப்படும் கையேடுகளுக்கும் ஆற்றைப் பற்றிச் சில விதிகள் உண்டு. ஆறு உயரத்திலிருந்து தாழ்வுக்கு ஓடவேண்டும். கிளைகள் சேரவேண்டுமேயன்றிப் பிரியலாகாது. முடிவில் கடலையோ ஏரியையோ அடையவேண்டும். மலையைக் குறுக்கே கடக்கலாகாது. தானாகவே நிலம் படைத்துத் தரும் மென்பொருள்கள் இவற்றுக்கிணங்கவே ஆறு வரைகின்றன. மீறி வரைந்தால் அறிந்தவர் 'பிழை' என்பர். இயற்கையைப் பொறுத்தவரை இவை நல்ல விதிகளே. இனி வைகையை வரைந்து பாருங்கள். 1895 முதல், மேற்கே கேரளக் கடலுக்குப் போகவேண்டிய பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி வைகைக்கு வருகிறது. வந்த நீர் இருபுறமும் கால்களாகப் பிரிந்து கண்மாய்களை நிரப்புகிறது. ஒரு கண்மாயின் மிகுநீர் அடுத்த கண்மாய்க்குப் போகிறது. ஆறோ நேரே கடலுக்குப் போகாமல் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்குகிறது, மிஞ்சினால்தான் கடல். மென்பொருளின் இலக்கணப்படி மதுரைச் சமவெளி முழுவதும் வரைவுப் பிழை.

அது பிழையன்று; மனிதக் கை. மழை குறைந்த நிலத்தில் நீரை நிறுத்திவைக்கப் பல நூற்றாண்டு பாடுபட்ட உழைப்பின் கோடுகள் அவை. செல்லூரிலேயே ஒரு கண்மாய் இருக்கிறது. அதன் மிகுநீர் பந்தல்குடி வாய்க்கால் வழியே வைகையைச் சேரவேண்டும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பகுதித் தெருக்களில் வெள்ளம் புகுந்தபோது, அந்தக் கோடுகள் வெறும் கோடுகள் அல்ல என்பது ஊருக்குத் தெரிந்தது. இம்மண்ணிலிருந்து புனைவு எழுதும் ஒருவர், மென்பொருள் தரும் ஆற்றை அப்படியே ஏற்றுக்கொண்டால், தாம் அறிந்த நீரின் கதையை எழுதும் வாய்ப்பைத் தொடக்கத்திலேயே இழக்கிறார். தானியங்கி ஆற்றை அணைத்துவிட்டு, கையால் வரையும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். கால் பிரியும் இடத்தில் ஒரு சிறு குறுக்குக்கோடு இட்டு அதை அணைக்கட்டு என்று காட்டிவிட்டால், பார்ப்பவர் அதைப் பிழையென்று கொள்ளார்.

குறியீடுகளும் அவ்வாறே. உடன்வரும் குறித்தொகுப்பில் பனி மூடிய கூர்மலை இருக்கும். ஊசியிலைக் காடு இருக்கும். கோட்டைக் கொத்தளம் இருக்கும். ஒற்றைப் பாறையாய்ப் படுத்திருக்கும் யானைமலை இராது, பனை இராது, கோபுரம் அரிது. கண்மாயைத் தேடினால் முட்டை வடிவ ஏரி ஒன்று கிட்டும். கண்மாய் முட்டை வடிவமன்று. தாழ்ந்த பக்கம் பிறைபோல் வளைந்த கரை, மறுபக்கம் எல்லையின்றி மேட்டில் படர்ந்து மறையும் நீர். தமிழில் மிகப் பலர் படித்த 'பொன்னியின் செல்வன்' வீரநாராயண ஏரிக்கரையின் மேல் வந்தியத்தேவன் குதிரையில் செல்வதோடு தொடங்குகிறது. அந்தக் கரையை வரைய ஒரு குறி அந்தத் தொகுப்புகளில் இல்லை. ஆனால் பல மென்பொருள்கள் சொந்தக் குறிகளைச் சேர்க்க இடந்தருகின்றன. ஒரு வளைகோடு, அதன் உட்புறம் மூன்று நீர்க்கோடுகள். பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாகச் சேமித்தால் கண்மாய்க்குறி ஆயிற்று. அரைமணி வேலை. ஒருவர் செய்து பொதுவில் வைத்தால் பலருக்கு உதவும்.

நண்பர் சிலர் மறுப்பர். மிகுபுனைவு நிலப்படம் என்பதே மேலைநாட்டு வழக்கம். டோல்கீனின் நூல் 1954இல் படத்தோடு வந்தபின் பரவியது. அவர்களது கருவியை எடுத்துக்கொண்டு அதில் தமிழ் இல்லையே என்று வருந்துவது ஏன், ஆங்கிலத்தில் எழுதினால் உலகமும் பார்க்குமே என்பர். வழக்கம் அங்கிருந்து வந்ததுதான். நாவலும் அங்கிருந்தே வந்தது. அதை நாம் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கவில்லை. உலகம் பார்க்கவேண்டுமாயின் பெயர்களுக்கு ஆங்கில அடுக்கு ஒன்றைத் தனியே சேர்த்துக்கொள்ளலாம். அடுக்கை அணைக்கவும் ஏற்றவும் ஒரு சொடுக்கு போதும். தமிழ் அடுக்கு முதலில் இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள். டோல்கீன் தம் நாட்டின் பெயர்களைத் தாம் படைத்த மொழிகளிலிருந்து எடுத்தார். நமக்கு மொழி படைக்கும் வேலை மிச்சம். பட்டி, குடி, குளம், ஏந்தல், மங்கலம் என்று ஊரின் ஈற்றுச்சொல்லே நிலத்தையும் குடியையும் சொல்லிவிடும் மொழி கையில் இருக்கிறது.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. எழுத்தும் கோடும் செம்மையாக வந்த படத்துக்கு ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது. மடகாசுகரிலும் இந்தியாவிலும் காணும் விலங்குகளின் ஒற்றுமையை விளக்க ஃபிலிப் ஸ்கிளேட்டர் 1864இல் முன்வைத்த 'லெமூரியா' என்னும் கருதுகோள், தமிழகத்துக்கு வந்து குமரிக்கண்டமாகிப் படங்களாகப் பெருகிய வரலாற்றைச் சுமதி இராமசாமி 2004இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். கண்டப்பெயர்ச்சிக் கொள்கை வந்தபின் நிலவியல் அக்கருதுகோளைக் கைவிட்டது, படங்கள் கைவிடவில்லை. இன்று ஒரு மாணவர் ஒரே மாலையில் வரையும் நாற்பத்தொன்பது நாட்டுப் படம் மறுநாள் வாட்ஸ்அப்பில் வரலாற்றுச் சான்றாகச் சுற்றக்கூடும். ஆகவே மூலையில் ஒரு சிறு கட்டம் போட்டு, 'இது கற்பனைப் படம்' என்று எழுதி, ஆண்டையும் இடுங்கள். அந்தக் கட்டமும் தமிழில் இருக்கவேண்டும். ஏமாறக்கூடியவர் தமிழ் படிப்பவரே.

இறுதியாக ஒரு சொல். எழுத்து உடைந்த படத்தை மூடிவிட்டுப் போய்விடாதீர்கள். திரையின் படத்தை எடுத்து, மேற்சொன்ன மூன்று பெயர்களையும் சரியான வடிவில் அருகே எழுதி, மென்பொருள் ஆக்கியோருக்கு அனுப்புங்கள். அவர்களுள் பலர் ஓரிருவராக உழைக்கும் சிறு குழுவினர். தமிழ் உடைகிறது என்று எவரும் சொல்லாதவரை அவர்களுக்குத் தெரியாது. தமிழாசிரியர்களும் மாணவரின் புனைவுப் படத்தில் பெயர் தமிழில் இருக்கிறதா என்று கேட்கலாம். மென்பொருள் இணங்காவிட்டால் அச்சிட்ட தாளின்மேல் பேனாவால் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளலாம். கையெழுத்துக்கு வடிவாக்கி தேவையில்லை.